வார்ப்புருவுக்குள் வார்ப்புரு: மேற்கோள் குறியைக் கவனியுங்கள்!

திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடையில் வாசகம் ஒன்றுதான்; பெயர், தேதி, மண்டபம் மட்டுமே மாறும். பல சர்வர்களைப் பராமரிப்பவர்களும் இதே வழியைக் கையாளுகிறார்கள். பொதுவான வாசகம் ‘வார்ப்புரு’. மாறும் இடத்தை நிரப்புவது ‘மாறி’.

இதற்குப் பரவலாகப் பயன்படும் கருவி, 2012இல் வெளிவந்த ஆன்சிபிள். அதில் வார்ப்புருவை நிரப்பும் வேலையை ஜிஞ்சா என்னும் மென்பொருள் செய்கிறது. ‘டெம்பிளேட்’ என்பது ‘டெம்பிள்’ போல ஒலிப்பதால், ஆலயத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தனர்.

எந்தக் கோப்பைச் சேர்ப்பது?

சில வேளைகளில் ஒரு சொல் அல்ல, ஒரு பகுதியே மாற வேண்டும். அப்பாச்சி இணையச் சர்வரின் பதிவுகள் உபுண்டுவில் ஒரு கோப்புறையிலும், ரெட் ஹேட்டில் வேறொரு கோப்புறையிலும் சேர்கின்றன. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு எழுதி வைத்து, ‘இன்குளூட்’ கட்டளையால் தேவையானதை மட்டும் சேர்க்கலாம்.

சர்வரின் இயங்குதளக் குடும்பத்தை ஆன்சிபிள் முதலில் கேட்டறிந்து ஒரு மாறியில் வைக்கிறது. உபுண்டு என்றால் விடை ‘டெபியன்’. அந்த மாறியைக் ‘குடும்பம்’ என்று அழைப்போம்.

இன்குளூட் "குடும்பம்" – ‘குடும்பம்’ என்ற பெயருள்ள கோப்பையே தேடும்.

இன்குளூட் குடும்பம் – மாறிக்குள் இருக்கும் ‘டெபியன்’ என்ற கோப்பைத் தேடும்.

மேற்கோள் குறி இருந்தால் வெறும் எழுத்து, இல்லாவிட்டால் மாறி. பெயருடன் பின்னொட்டு வேண்டுமானால் ~ குறியால் இணைக்கலாம்: குடும்பம் ~ ".டெக்ஸ்ட்". கட்டளைக்குள் மாறியை மீண்டும் இரட்டை வளைவு அடைப்புக்குறிக்குள் இட்டால் பிழை வரும்.

அமைதியான ஆபத்து

‘கோப்பு இல்லாவிட்டால் விட்டுவிடு’ என்று சொல்லவும் ஜிஞ்சாவில் வழி உண்டு. வசதிதான். ஆனால் அந்தக் கோப்பில் இருப்பது பாதுகாப்பு விதி என்றால்? ஆன்சிபிள் தரும் விடையில் ஆங்கிலப் பெரிய எழுத்து இருக்கும். கோப்பின் பெயரைச் சிறிய எழுத்தில் வைத்திருந்தால், லினக்ஸ் அதை வேறு கோப்பாகவே கருதும். வேலை வெற்றி என்று திரை காட்டும். விதியோ சர்வரைச் சென்றடையாது; கதவு திறந்தே கிடக்கும். பிழை காட்டி நிற்பதே இங்கு நன்மை. இந்த வசதியை, இல்லாவிட்டாலும் பாதகமில்லாத கோப்புகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆன்சிபிளில் ஒத்திகை முறையும் உண்டு. சர்வரைத் தொடாமலே எந்த வரி மாறும் என்பதைக் காட்டும். முதலில் அதைப் பாருங்கள், பிறகு அனுப்புங்கள்.

பயிற்சி: ‘நகரம்’ என்ற மாறியின் மதிப்பு ‘ஈப்போ’. இன்குளூட் "நகரம்" எந்தக் கோப்பைத் தேடும்? ஈப்போ என்று சொன்னால், மேற்கோள் குறியை இன்னொரு முறை பாருங்கள்.