இணையக் கடைக்கு வாசல் வைக்கும் விதம்

கடை என்றால் வாசல் உண்டு. வாசலுக்கு மேல் பெயர்ப் பலகை உண்டு. ஐந்தடியில் நடந்து போகிறவர், வாங்கும் எண்ணம் இல்லாதவராயினும், அடுக்கி வைத்த சரக்கைக் கண்டு நின்று விலை கேட்பார். நாம் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு இந்த வாசலுக்காகவே கொடுப்பதாகும். இணையத்தில் நடத்தும் கடைக்கோ வாசல் கிடையாது. பெயர் தெரிந்து தேடுகிறவர் கண்ணுக்கே அது தென்படும். ஆகவே இணையக் கடை திறந்தவர், திறந்த மறுநாளே கைப்பேசித் திரையில் காசு கொடுத்து விளம்பரம் செய்யத் தொடங்குகிறார். காசு போடும்வரை ஆர்டர் வருகிறது. நிறுத்தினால் அதுவும் குறைகிறது. மசாலா, அத்தர், கைலி, தொப்பி என்று சிறு முதலில் வியாபாரம் செய்யும் நம்மவர்க்கு இச்செலவு தாங்குமா?

நெடுநாள் தாங்காது என்பதே நம் அபிப்பிராயம். இணையக் கடைக்கும் வாசலைத் தெருவில்தான் வைக்க வேண்டும். அதைச் சில வெள்ளிகளில் வைக்கும் விதத்தை இப்பாடத்தில் பார்ப்போம்.

முன்னவர் செய்தது

1893ஆம் ஆண்டில் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தயாரிக்கத் தொடங்கிய நாகேஸ்வர ராவ், சங்கீதக் கச்சேரிகளுக்கு வந்தவர்களிடம் அதை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். தடவிச் சுகம் கண்டவர் பின்பு கேட்டு வாங்கினார். நம் சிங்கப்பூரில் டைகர் பாம் தைலம் விற்ற ஆவ் பூன் ஹாவ், தம் மோட்டார் வண்டியின் முகப்பைப் புலித்தலை போல் செய்து வீதியில் ஓட்டினார். வண்டி எப்படியும் ஓடத்தான் போகிறது. அது பெயரையும் சுமந்து ஓடட்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம். இக்காலத்திலும் பாருங்கள்: திரையில் விற்றே பெரிதான அமேசான் கம்பெனி, 2018ல் அமெரிக்காவில் விளையாட்டுச் சாமான்களின் பட்டியலைப் புத்தகமாக அச்சடித்து வீடுகளுக்குத் தபாலில் அனுப்பியது. அத்தனை பெரிய கம்பெனிக்கே காகிதம் தேவைப்பட்டதென்றால் நமக்குத் தேவையில்லை என்று சொல்வதற்கில்லை.

இம்மூன்றிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியவை: மாதிரிச் சரக்கு, போகிற வண்டியில் பெயர், வீட்டில் தங்கும் காகிதம்.

முதலாவது: பொட்டலம்

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பொட்டலம் நம் கையிலிருந்து ஒரு வீட்டுக்குப் போகிறது. கூலியும் கொடுத்தாகிவிட்டது. அதற்குள் இரண்டு சீட்டு வையுங்கள். ஒன்று வாங்கியவருக்கு, மற்றொன்று அவர் தம் அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதற்கு. சீட்டில் கடைப் பெயர், விற்கும் சரக்கு, இரண்டொரு விலை, கியூ.ஆர். கட்டம் ஆகியவை போதும். இக்கட்டம் 1994ல் ஜப்பானின் டென்சோ கம்பெனியார் மோட்டார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைப்பதற்காகக் கண்டுபிடித்தது. இன்று அச்சடித்த தாளிலிருந்து வாடிக்கைக்காரரை நேரே நம் கடைக்குள் கொண்டுவந்து விடுகிறது. ஆயினும் அதன் கீழே தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் போட மறக்கலாகாது. கட்டத்தைப் பிடிக்கத் தெரியாத பெரியவர்களே பல வீடுகளில் சமையல் சாமான் இன்னதென்று சொல்லுகிறவர்கள். மசாலா விற்கிறவர், ஒரு நேரக் குழம்புக்குப் போதுமான புதுத் தூளையும் கூட வைத்தனுப்பலாம்.

இரண்டாவது: நம் வட்டாரம்

இணையம் உலகமெல்லாம் பரந்தது என்று எண்ணி ஊர் முழுதும் துண்டு விளம்பரம் கொடுப்பது வீண். பாசிர் ரிஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 1989ல் திறந்த நம் எம்.ஆர்.டி. நிலையம் கிழக்கு மேற்குத் தடத்தின் கிழக்குக் கோடி. இங்கிருந்து தேக்காவுக்குப் போய் வருவதற்கு ரயில் மாற வேண்டும். அரை நாள் போய்விடும். அரைக் கிலோ கறி மசாலாவுக்காக யார் அலைவார்? அந்த அலைச்சலே நமக்கு வாய்ப்பு. "செவ்வாயும் சனியும் மாலையில் உங்கள் புளோக்குக்கே கொண்டுவந்து தருவோம்" என்ற ஒரு வரி, பத்து வர்ணப் படங்களைவிட மேலானது. தள்ளுவண்டியில் கொண்டுபோகத் தக்க புளோக்குகளுக்கு மட்டும் சீட்டுக் கொடுத்தால் அனுப்பும் கூலியும் மிச்சம்.

முடிதிருத்துகிறவர், தையற்காரர், மாமா கடைக்காரர் ஆகியோரிடம் சீட்டு மாற்றிக்கொள்ளுங்கள்; அவர் சீட்டு நம் பொட்டலத்தில், நம் சீட்டு அவர் மேசையில். இதற்கு ஒரு காசும் செலவில்லை. அல் இஸ்திக்ஃபார் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையை நாடுவதாயின், முதலில் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்வதே முறை.

மூன்றாவது: சுவரில் தொங்குவது

கடைப் பெயர் போட்ட நாட்காட்டி பன்னிரண்டு மாதம் வீட்டில் தொங்கும். தனியே அச்சடிக்க இயலாதவர், போட்டியில்லாத மூன்று வியாபாரிகளாகச் சேர்ந்து செலவைப் பங்கிடலாம். ரமலானில் நோன்பு நேர அட்டை அடிப்பதாயின் முயிஸ் வெளியிடும் நேரங்களைப் பார்த்து எழுதி, இருமுறை ஒத்துப் பார்க்க வேண்டும். அதில் ஒரு நிமிடம் தவறினாலும் கடையின் பெயர் கெடும்.

சட்டம் அறிந்து செய்க

மின்தூக்கிச் சுவரிலும் தூணிலும் அனுமதியின்றி நோட்டீஸ் ஒட்டுவது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டிலிருந்தே சிறுதொழில் செய்ய வீவக இடமளித்தாலும், வீட்டில் விளம்பரப் பலகை மாட்ட அனுமதியில்லை. சீட்டில் வாடிக்கைக்காரர் எண்ணைக் குறித்து வாங்கினால், "செய்தி அனுப்பலாமா?" என்று கேட்டு, அவர் சம்மதித்ததையும் எழுதி வாங்குங்கள். 2012ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சிறு கடைக்கும் உண்டு.

கணக்கு

எவ்வழி பலித்தது என்று தெரியாமல் செய்யும் விளம்பரம் சூதாட்டம் போன்றது. பொட்டலச் சீட்டுக்கு "ப", முடிதிருத்தும் கடைச் சீட்டுக்கு "மு" என்று ரப்பர் முத்திரை குத்துங்கள். அந்த எழுத்தைச் சொல்லி முதன்முறை வாங்குகிறவருக்கு ஒரு வெள்ளி தள்ளுபடி.

ஓர் உதாரணம்: 500 சீட்டுக்கு 48 வெள்ளி செலவு. அதைக் கொண்டு 12 பேர் வந்தனர். தள்ளுபடி 12 வெள்ளி. ஆக மொத்தச் செலவு 60, ஆளுக்கு 5 வெள்ளி. ஓர் ஆர்டரில் லாபம் 4 வெள்ளியானால் முதல் முறையில் வருவது 48. 12 வெள்ளி கைநட்டம். அவர்களில் 6 பேர் மறுமுறை வாங்கினால் மேலும் 24 வரும். நட்டம் போக 12 வெள்ளி மிச்சம். ஆகவே சீட்டு நமக்குத் தருவது முதல் ஆர்டரை மட்டுமே. லாபம் இருப்பது இரண்டாவதில். அந்த இரண்டாவது ஆர்டரை நிறுத்த எடையும், சொன்ன மாலையில் தட்டிய கதவுமே கொண்டுவரும். எந்த அச்சுக்கூடமும் கொண்டுவராது.

பயிற்சி: இவ்வாரம் நூறு சீட்டு மட்டும் அடித்து, போகும் பொட்டலங்களில் வையுங்கள். மாத முடிவில் வந்த எழுத்துக்களை எண்ணி, மேற்கண்ட கணக்கை உங்கள் பேரேட்டில் போட்டுப் பாருங்கள். மிச்சம் தெரிந்தால் இருநூறு அடியுங்கள். தெரியாவிட்டால் சீட்டின் வாசகத்தையோ விலையையோ ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் நூறோடு தொடங்குங்கள்.