ஃபார்மேட் அடிக்கும் முன்

“சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு தம்பி, ஃபார்மேட் அடிச்சு ஓஎஸ் போட்டுக் குடு.” கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் மேல வீதியிலோ சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்கிறவருக்கு முதல் வாரத்திலேயே பழகிவிடும் பேச்சு இது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வர இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பென்டிரைவில் பூட் செய்து ஓஎஸ் ஏற்றுவதை யூடியூப் பார்த்து யாரும் கற்றுக்கொள்ளலாம். உங்களுக்குச் சம்பளம் அதற்கு முந்தைய அரை மணி நேரத்துக்குத்தான்.

முதலில் ஹார்ட் டிஸ்க்கின் நாடியைப் பாருங்கள். ஸ்லோவாக இருப்பதற்குப் பல சமயம் விண்டோஸ் காரணமே இல்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்தால் ஸ்மார்ட் பட்டியலில் 05, சி5, சி6 என்று மூன்று வரிகள் இருக்கும். கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கிய செக்டர்கள், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை, திருத்தவே முடியாதவை என்று வரிசையாகப் பொருள். சி5, சி6 இரண்டில் ஒன்று பூஜ்யமாக இல்லாவிட்டாலும் ஃபார்மேட் பேச்சை நிறுத்துங்கள். ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி செய்யவும் வேண்டாம். சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்க்கை அது இன்னும் அலைக்கழிக்கும். லினக்ஸில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ மூலம் முழு டிஸ்க்கையும் வேறொரு நல்ல டிஸ்க்குக்கு இமேஜ் எடுங்கள். நன்றாகப் படிக்க வரும் பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிப்பவற்றுக்கு அது பிறகு திரும்பும். மேப் ஃபைல் கொடுத்திருந்தால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. தண்ணீரில் கிடந்த டிஸ்க் மேசைக்கு வந்தால், “ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே” என்று கரண்ட் கொடுத்துவிடாதீர்கள். டேட்டா முக்கியம் என்றால், அது ரெக்கவரி லேபுக்குப் போக வேண்டிய கேஸ்.

டிஸ்க் தேறிவிட்டது என்றால் அடுத்த கேள்வி: “இதுல என்ன வேலை பாக்குறீங்க?” வாடிக்கையாளர் “ஃபோட்டோ மட்டும்தான் தம்பி” என்பார். நம்பாதீர்கள். பொய் சொல்கிறார் என்பதல்ல; தன் வேலை எந்தெந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

டிடிபி கடைக்காரர் என்றால் ஃபான்ட்தான் அவருடைய சொத்து. பேஜ்மேக்கரில் பத்து வருடம் சேர்த்த கல்யாணப் பத்திரிகைகள் பெரும்பாலும் யூனிகோடில் இருக்காது. பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு என்கோடிங். அந்த ஃபான்ட் போய்விட்டால் ஃபைல் பத்திரமாக இருக்கும், திரையில் தெரிவது மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையாக இருக்கும். அண்ணாமலை நகரிலிருந்து வரும் பழைய தமிழ் ஆய்வேடுகளுக்கும் இதே கதி வரலாம். ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுத்து வையுங்கள். பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளில் ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய ஃபான்ட்கள் அங்கே இருக்காது. அவருடைய ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும். எந்த கீபோர்டில் அடிக்கிறார், தமிழ்99ஆ பழைய டைப்ரைட்டரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர் ஆபீஸ் மெஷின் என்றால் டேலி. டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை டேலிக்குள்ளேயே பாருங்கள், ஊகிக்க வேண்டாம். ஃபார்மேட்டுக்கு முன் லைசென்ஸை சரண்டர் செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் மறுபடி ஆக்டிவேட் செய்ய அலைய வேண்டியிருக்கும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருந்தால் சான்றிதழ் டோக்கனுக்குள்ளேயே இருக்கும். அதன் டிரைவர் மட்டும் மறுபடி வேண்டும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளட்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கைக்கு வரும்வரை எதையும் தொடாதீர்கள்.

பிறகு லைசென்ஸ். விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்பில் சாவி அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும், பாதி அழிந்துபோய். விண்டோஸ் 8இலிருந்து பிராண்டட் மெஷின்களில் அது மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. அதே எடிஷனைப் போட்டால் தானே எடுத்துக்கொள்ளும். “கிராக் போட்டுக் குடு” என்பார்கள். பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. கிராக் ஃபைலோடு வைரஸ் வந்தால், கெட்ட பெயர் ஓஎஸ் போட்டவருக்குத்தான்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் சில இன்னும் உயிரோடிருக்கின்றன. தொடக்க கால மெஷின்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸை மட்டும் மறுபடி ஏற்றினால் பூட் லோடர் மாறி, லினக்ஸுக்குப் போகும் வழி அடைபடும். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை கேட்கிறது. இவற்றுக்கு அது எட்டாது. என் யோசனை: டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி, கூடவே லுபுன்டு அல்லது மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. பிரவுசிங், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாம் ஓடும். டேலியும் பேஜ்மேக்கரும் நேரடியாக ஓடாது. அதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்ஸ்டால் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டேட்டா உள்ள மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். தவறான டிரைவை அழிக்க வாய்ப்பே இருக்காது.

கேட்டது, எடுத்து வைத்தது, டிஸ்க் நிலை எல்லாவற்றையும் ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாளை சிப்காட்டிலோ நெய்வேலியிலோ ஏஎம்சி வேலைக்கு இன்டர்வியூ போனால், எத்தனை ஓஎஸ் போட்டீர்கள் என்பதைவிட இந்தப் பழக்கம் அதிகம் பேசும். டெலிவரியின்போது வாடிக்கையாளரையே உட்காரவைத்து, அவருடைய பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து ஒரு பக்கம் பிரின்ட் எடுக்கச் சொல்லுங்கள். இமேஜை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கார்டிலேயே குறித்து, கெடு முடிந்ததும் அழித்துவிடுங்கள். அதுவரை அதிலுள்ள படங்களைத் திறந்து பார்க்கும் உரிமை உங்களுக்கில்லை. பில்லில் ஓஎஸ்ஸுக்கு ஒரு வரி, டேட்டா எடுத்ததற்கு ஒரு வரி என்று தனித்தனியாகப் போடுங்கள். இரண்டாவது வரியில் தொகை கூடுதலாக இருக்கட்டும்.