"பெட்டி போச்சு" என்று சொல்வதற்கு முன்

தாணேயின் கணபதி பந்தலானாலும் மாட்டுங்காவின் சபா மேடையானாலும், நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்' என்று இரையத் தொடங்கினால் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும்: "பெட்டி போச்சு."

பெரும்பாலும் பெட்டி போயிருக்காது. சத்தத்தைக் குறைத்துவிட்டு, கீபோர்டிலிருந்தோ கிதாரிலிருந்தோ வரும் வயரை ஆம்ப்ளிஃபயர் ஜாக்கிலிருந்து உருவிப் பார்க்க வேண்டும். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றம் வயரிலோ கருவியிலோ எர்த் இணைப்பிலோ இருக்கிறது. நிற்காவிட்டால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

பாடகர்களின் காது இங்கே நல்ல கருவி. நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். எர்த் கோளாறால் வரும் இரைச்சலும் (ஹம்) அடிப்படையில் அதே 50தான். ஐந்து கட்டை சுருதிக்குச் சற்று மேலே, மிகத் தாழ்ந்த ஸ்தாயியில் ஒலிக்கும். உள்ளே மின்னோட்டத்தைச் சமன்செய்யும் கண்டென்சர் உலர்ந்து போயிருந்தால் பொதுவாக 100 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். கண்டென்சர் விலையுயர்ந்த பொருளல்ல. லாமிங்டன் ரோடு கடைகளில் கிடைக்கும். புதுப் பெட்டி வாங்க அவசரப்பட வேண்டாம்.

வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்று கேட்டால் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்பதும் தவறு. குமிழுக்குள் இருக்கும் கார்பன் தடத்தில் தூசி படிந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் மும்பை மழையின் ஈரம் ஜாக்குகளையும் களிம்பேற்றிவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழைப் பலமுறை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவையெல்லாம் செலவு வைக்கும் நம்பிக்கைகள். உயிரைக் கேட்கும் நம்பிக்கை வேறு: "எர்த் பின்னை எடுத்துட்டா ஹம் போயிடும்."

போகும், சில சமயம் உண்மையிலேயே போகும். அதனால்தான் இந்தப் பழக்கம் சாகாமல் இருக்கிறது. ஆனால் உள்ளே கசியும் மின்சாரம் பாதுகாப்பாக வெளியேற இருந்த வழியும் அதோடு அடைபடுகிறது. பிறகு அது கிதார் கம்பி வழியே கலைஞரின் கைக்கு வரும். எதிரே எர்த் ஆன மைக்கை உதடு தொட்டால் மின்சுற்று முழுமையடைந்துவிடும். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார்.

ஹம்மைப் போக்க நல்ல வழிகள் உண்டு. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பிளக் பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். கருவிக்கும் மிக்சருக்கும் இடையே இணைக்கும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடலாம். அது ஒலி வயரின் எர்த்தை மட்டுமே பிரிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது.

பியூஸ் போனால் கம்பியைச் சுற்றி ஓட்டுவதும் இதே ரகம். பெரும்பாலும் உள்ளே ஏதோ ஷார்ட் ஆகியிருப்பதால்தான் பியூஸ் போகிறது. கம்பி சுற்றினால் அடுத்து டிரான்ஸ்ஃபார்மரே எரியலாம். வால்வு ஆம்ப்ளிஃபயராக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் 400 வோல்ட்டோ அதற்கு மேலோகூடத் தேங்கி நிற்கலாம். அதைத் திறப்பது பழகிய மெக்கானிக்கின் வேலை.

பந்தல் அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேடை இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்துங்கள், கலைஞர்கள் மேடையேறும் முன் எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.