தாத்தாவிடம் ஜமீன் ரசீது, போனில் ‘அனாதீனம்’

“தாத்தா ஜமீனுக்குக் கிஸ்தி கட்டின ரசீது கையில இருக்கு. ஆனா போன்ல சர்வே எண் போட்டா ‘அனாதீனம்’னு வருதே, நிலம் எங்களது இல்லையா?” கோலியனூர் பக்கம் இப்படிக் கேட்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நம்ம ஊர் அப்போது ரயத்துவாரியா, ஜமீனா, இனாமா? பழைய தென்னாற்காட்டில் பெரும்பாலான கிராமங்கள் ரயத்துவாரிதான். அங்கே வரி நேராக அரசுக்கே போனது.

ஜமீன் கிராமம் என்றால் 1948-ம் ஆண்டின் 26-வது சட்டம் பொருந்தும். அறிவிக்கை வந்த நாளில் தரிசு, ஏரி, புறம்போக்கு உட்பட ஜமீன் முழுவதும் அரசுக்குச் சேர்ந்தது. பிறகு செட்டில்மென்ட் விசாரணை நடத்தி, உழுதவர்களுக்கு ரயத்துவாரி பட்டா தந்தார்கள். சிறு இனாம்களுக்கு 1963-ம் ஆண்டின் 30-வது சட்டம். விசாரணையில் யாரும் உரிமை கோராத நிலம் ‘அனாதீனம்’ என்று ஏறியிருக்கலாம். ஆக, ஜமீன் ரசீது அனுபவத்துக்கு ஒரு சாட்சி. அதுவே பட்டா ஆகாது.

இன்னொரு சிக்கல், எண். ரசீதில் இருப்பது பைமாஷ் எண்ணாக இருக்கும். பின்னால் சர்வே எண் வந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், உட்பிரிவுகளும் மாறின. பெயர் விடுபட்டதும் அப்போதுதான் நிறைய.

போனில் பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். அதில் தெரிவது யு.டி.ஆருக்குப் பிந்தைய நிலைதான். அதற்கு முந்தைய ‘அ’ பதிவேடு, செட்டில்மென்ட் பதிவேடு, பழைய எண்–புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகலுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனா வழக்கே இந்தக் காகிதத்தில்தான் நிற்கும்.

செட்டில்மென்ட்டில் தாத்தா பெயர் இருந்து யு.டி.ஆரில் போயிருந்தால், அது பதிவுப் பிழை. திருத்தக் கோரி வருவாய்த் துறையில் மனு செய்யலாம். எதிரில் இன்னொருவர் “என் நிலம்” என்று வந்தால், உரிமையை முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றம்தான். பட்டா மாற்றம் அதைத் தீர்க்காது.

வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்று நம்பி யாரும் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். அரசுக்குச் சேர்ந்த ஜமீன் தரிசு அதில் தெரியாது.