பாதம் வேரில் மடங்கும் முன்பே

முதலில் ஒரு சோதனை. காலணியைக் கழற்றிவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்குமாறு ஒற்றைக்காலில் நில்லுங்கள். 30 விநாடி நிற்பது பெரும்பாலோருக்குச் சிரமமாக இராது. இப்போது கண்களை மூடுங்கள். பாதம் இங்கும் அங்குமாகத் தள்ளாடும். எத்தனை விநாடி தாக்குப்பிடித்தீர்கள் என்று இரு கால்களுக்கும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

உடலின் சமநிலைக்காக மூளை மூன்று இடங்களிலிருந்து செய்தி பெறுகிறது: கண்கள், உட்செவி, பிறகு தசை, மூட்டு, பாதத்தின் தோல் ஆகியவற்றிலுள்ள நரம்பு முனைகள். கண்ணை மூடியதும் மற்ற இரண்டின்மேல் முழுச்சுமையும் விழுகிறது. காட்டுப்பாதை ஓட்டத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான். புக்கிட் தீமாவிலோ மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பகுதியிலோ ஓடுபவரின் பார்வை சில அடி முன்னால் இருக்கும். இந்த நொடியில் பாதம் எந்த வேரின்மேல் விழுகிறது என்பதைக் கண் பார்ப்பதில்லை. வேரைச் சருகு மூடியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

வேரின் விளிம்பில் பாதம் சாய்ந்து உள்பக்கமாக மடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தடுக்க வேண்டிய தசைகள் முழங்காலுக்குக் கீழே, காலின் வெளிப்புறத்தில் இருக்கின்றன. அவை விழித்துக்கொள்ளவே ஏறக்குறைய 60 முதல் 80 மில்லிவிநாடி ஆகும். போதிய விசையைத் திரட்ட இன்னும் நேரம் வேண்டும். அதற்குள் பாதம் மடங்கி முடிந்துவிடலாம். எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார் அளவுக்கு மீறி நீள்வதையும் கிழிவதையும்தான் சுளுக்கு என்கிறோம். ஆக, அனிச்சைச் செயலை மட்டும் நம்ப முடியாது. பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே அந்தத் தசைகள் ஓரளவு இறுகித் தயாராக இருக்க வேண்டும். இதை மூளை பழகித்தான் கற்கிறது, சைக்கிள் ஓட்டக் கற்பதைப் போல.

பல் துலக்கும்போதே பழகலாம்: காலையில் வலது கால், இரவில் இடது கால். ஒரு வாரம் கழித்து, மடித்த துண்டின்மேல் நில்லுங்கள். பிறகு ஒற்றைக்காலில் சற்று முன்னால் தாவி, இறங்கிய இடத்தில் 3 விநாடி அசையாமல் நிற்கப் பாருங்கள். முழங்கால் உள்ளே சாயாமல் கால்விரல்களின் திசையிலேயே இருக்கட்டும். நான்கு வாரம் கழித்து, குறித்து வைத்த விநாடிகளோடு ஒப்பிடுங்கள். முன்பு சுளுக்கிய கால் இருந்தால் அதற்குக் கூடுதல் கவனம் கொடுங்கள். சுளுக்கில் தசைநாரோடு அதிலுள்ள நரம்பு முனைகளும் பாதிக்கப்படுகின்றன. வலி போய்விட்டதாலேயே கால் தேறிவிட்டது என்று சொல்ல முடியாது.

அடுத்து வலிமை. புக்கிட் தீமாவின் உயரம் 163 மீட்டர்தான். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடை வலிப்பதற்குப் பெரும்பாலும் இறக்கமே காரணம். ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போது அதே தசை, பிரேக் போல இழுத்துப் பிடித்துக்கொண்டே நீள்கிறது. இதில் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வலி உச்சத்தை அடைகிறது. ‘லேக்டிக் அமிலம் தேங்கிவிட்டது’ என்பது வகுப்பில் நான் அடிக்கடி கேட்கும் பதில். அது தவறு. ஓட்டம் முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் இரத்தத்தின் லேக்டேட் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

சிறிய அளவில் இறங்கிப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு இந்தச் சேதத்தை நன்றாகவே தாங்கும். அதற்கு உங்கள் புளோக்கின் மாடிப்படி போதும். கைப்பிடியைப் பிடித்தபடி கடைசிப் படியில் ஒற்றைக்காலில் நின்று, மறுகாலின் குதிகால் தரையைத் தொடும்வரை 3 விநாடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். காலுக்கு 8 முறை, இரண்டு சுற்று. அதே படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை உயர்த்தி, மெல்ல இறக்குவது கெண்டைக்காலுக்கு. வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஓய்வு. தசை வலி இயல்பு. மூட்டில் சுருக்கென்று வலித்தால் நிறுத்திவிட்டு, பெற்றோரிடமோ உடற்கல்வி ஆசிரியரிடமோ சொல்லுங்கள்.

காட்டுப்பாதைக்கு முதல்முறை போகும்போது தனியாகப் போக வேண்டாம். மழை பெய்த மறுநாளைத் தவிருங்கள். செங்குத்தான இறக்கங்களில் ஓடாமல், சிறு எட்டுகளாக வைத்து நடந்தே இறங்குங்கள்.