ஞானப்பல் வீக்கம்: கிராம்போடு நின்றுவிடக் கூடாது

பல்வலி என்று கடைக்கு வருகிறவருக்கு நாம் காலங்காலமாக எடுத்துக் கொடுப்பது கிராம்பு. நம் பகுதிக்கும் கிராம்புக்கும் பழைய உறவு உண்டு. 1800ஆம் ஆண்டை ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் அமைத்த தோட்டத்தின் வழியாகத்தான் கிராம்பு மரம் இந்தியாவுக்கு வந்தது. கிராம்பில் உள்ள யூஜினால் என்ற எண்ணெய்ப் பொருள் வலியைச் சிறிது நேரம் மரத்துப் போகச் செய்யும். ஆனால் உள்ளே பிடித்த சீழை அது எடுக்காது. வலி அடங்கியது வேறு, நோய் தீர்ந்தது வேறு. இந்த வேறுபாட்டை வணிகர்களாகிய நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனித் தேரோட்டம் முடியட்டும், தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று உடம்பைத் தள்ளிப் போடுகிறவர்களில் நாம்தானே முன்வரிசையில் நிற்கிறோம்!

ஏன் வருகிறது?

ஞானப்பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் கடைவாயின் கோடியில் முளைக்கும். தாடையில் இடம் போதாவிட்டால் பாதி முளைத்து நின்றுவிடும். மீதிப் பாதியை ஈறு மூடிபோல மூடியிருக்கும். அந்த மூடிக்கு அடியில் சோற்றுப் பருக்கையும் முறுக்குத் தூளும் தங்கும். பிரஷ் அங்கே எட்டாது. கிருமி பெருகி ஈறு வீங்கும். கீழ்த்தாடைப் பல்லில்தான் இது மிகுதி. கடையில் நிற்கும் இளைஞர்களுக்கும், பிள்ளைகளுக்கும் வரக்கூடியது இது.

எப்படி அறிவது?

கடைவாய் ஈறு சிவந்து வீங்கும். கடித்தால் வலிக்கும். வலி காது வரைக்கும் தொண்டை வரைக்கும் இழுக்கும். வாயில் கசப்பும் துர்நாற்றமும் இருக்கும். சில சமயம் சீழ் கசியும். தாடைக்கடியில் நெறி கட்டும். இவற்றில் ஒன்றிரண்டு தோன்றினாலே ஓரிரு நாளில் பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

அன்றைக்கே போக வேண்டியவை

வாயை இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், காய்ச்சலும் நடுக்கமும், கன்னத்திலோ தாடைக்கடியிலோ கழுத்திலோ பரவும் வீக்கம், குரல் மாற்றம், மூச்சுத் திணறல். இவற்றில் எது வந்தாலும் கடையைப் பூட்டிவிட்டுப் புறப்பட வேண்டியதுதான். பல்லிலிருந்து நாக்கின் அடிப்பகுதிக்கும் கழுத்துக்கும் சீழ் பரவி மூச்சை அடைக்கும் நோயை லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836இல் விவரித்தார். ஆன்டிபயாடிக் மருந்துகள் வருவதற்கு முன் இந்நோய் கண்டவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். இன்று காப்பாற்ற முடியும்; ஆனால் நேரத்தோடு போக வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இரவானாலும் போகலாம். மூச்சு முட்டினால் 108க்குச் சொல்லிவிடுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும் வரை

ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புக் கலந்து, நாளைக்கு நான்கைந்து முறை, குறிப்பாகச் சாப்பிட்ட பின், வாய் கொப்பளிக்கலாம். மென்மையான பிரஷால் அந்த இடத்தையும் பதமாகத் தேய்க்கலாம். வலிக்குப் பாரசிட்டமால் அளவோடு போதும். கிராம்பு எண்ணெயைச் சுத்தமாக ஈறில் ஊற்றினால் சதை வெந்துவிடும். ஆஸ்பிரினை ஈறில் அதக்குவதும் அப்படித்தான். கன்னத்தில் சூட்டு ஒத்தடம் வேண்டாம். முன்பு யாருக்கோ எழுதிக் கொடுத்து மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையை விழுங்குவதும் கூடாது. வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடி, சிகரெட்டை நிறுத்த வேண்டும்.

மருத்துவர் செய்வது

முதலில் ஈறு மூடிக்கு அடியில் கழுவிச் சுத்தம் செய்வார். சீழ் கட்டியிருந்தால் வெளியேற்றுவார். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால் ஆன்டிபயாடிக் தருவார். சொன்ன நாள் வரை அதைச் சாப்பிட வேண்டும். எக்ஸ்ரே எடுத்து, பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வேர் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வார். நேராக வளர இடமிருந்தால் ஈறு மூடியை மட்டும் நீக்குவது உண்டு. திரும்பத் திரும்ப வீங்கினால் பல்லையே எடுப்பதுதான் நல்லது. தொந்தரவு தராத ஞானப்பல்லை எல்லாருக்கும் எடுக்க வேண்டியதில்லை. நம் தென்பகுதியில் காவல்கிணற்றில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சீழ் வேகமாகப் பரவும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக அதை நிறுத்தக் கூடாது. இவை இரண்டையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பல் எடுத்த பின்

முதல் 24 மணி நேரம் கொப்பளிப்பதும், காறித் துப்புவதும், உறிஞ்சிக் குடிப்பதும் கூடாது. குழியில் உறைந்த இரத்தம்தான் புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்தால் மூன்றாம் நாள் வாக்கில் கடும் வலி வரும். புகை பிடிப்பவர்களுக்கு இது அதிகம். வீக்கம் இரண்டு மூன்று நாள் கூடிப் பிறகு வடியும். அதுவரை கஞ்சி, இட்லி, தயிர்சாதம் போதும்.

மூட்டையில் ஒரு மூலை ஈரமானால் அன்றே பிரித்துப் பார்க்கிறோம். முழு மூட்டையும் பூசணம் பிடிக்கும் வரை விடுவதில்லை. நம் வாயையும் அப்படியே கவனிப்போம். இனி பல்வலிக்குக் கிராம்பு கேட்டு வருகிறவரிடம், "வீக்கம் இருக்கிறதா, வாய் திறக்க முடிகிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொட்டலம் கட்டுவோம்.