மைனஸ் 350 என்ன சொல்கிறது?

அன்புள்ள யாழினிக்கு,

பாலச் சோதனைப் பயிற்சிக்கு நீ எடுத்துப் போகும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தேன். சுத்தியலைக் காணோம், முதலில் அதைச் சேர். தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்து விலகிய இடம் பொத்தென்று கேட்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் துரு பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளக்கிறது. ஆகவே சுத்தியல் சொல்லும்போது காலம் கொஞ்சம் கடந்துவிட்டது.

முன்கூட்டியே அறிய அரைமின்கல முறை இருக்கிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பிமேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பின் குளோரைடு அதைத் துளைத்தால் துரு தொடங்கும், கம்பியின் மின்னழுத்தமும் இறங்கும். மீட்டரின் ஒரு முனையைக் கம்பியோடு இணைத்து, மறுமுனையிலுள்ள தாமிர சல்பேட் மின்முனையை ஈரமாக்கிய கான்கிரீட்மேல் கட்டம் கட்டமாக வைத்து அளக்க வேண்டும். (சேதமில்லாச் சோதனை என்று பெயர், ஆனாலும் கம்பியைத் தொட ஓரிடத்தில் கொத்தத்தான் வேண்டும்!) மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் துரு நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. மைனஸ் 200க்கு மேலே நின்றால் நடக்காதிருக்க அதே அளவு வாய்ப்பு. நடுவில் வந்தால் சந்தேகம் என்றே எழுது.

எவ்வளவு கம்பி கரைந்தது, எவ்வளவு வேகம் என்பதை இந்த எண் சொல்லாது. நீரில் மூழ்கிய தூணில் அது மிகக் கீழே இறங்கும். ஆக்சிஜன் எட்டாததால் துரு அங்கே மெதுவாகவே இருக்கும். எண்ணை மட்டும் பார்ப்பவர் அந்தத் தூணைத்தான் முதலில் இடிக்கச் சொல்வார்.

இழுத்து இறுக்கிய கம்பிகள் உலோகக் குழாய்க்குள் ஓடும் பாலங்கள்தான் எனக்கு உண்மையில் பயம். குழாய் மறைப்பதால் இந்த முறை உள்ளே எட்டாது. வேல்ஸில் இனிஸ்-இ-குவாஸ் பாலம் 1985இல் முன்னறிவிப்பின்றி விழுந்தது. துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டிய பாலம் அது; அந்தத் துண்டுகளின் இணைப்புகள் வழியே புகுந்த உப்புநீர் கம்பியைத் தின்றிருந்தது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரின் கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் ஆற்றுக்குள் சரிந்தது. யாரும் சாகவில்லை. அங்கே இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து கம்பிகளை உள்ளிருந்தே விரிசல் விடச் செய்திருந்தன.

இத்தகைய பாலங்களில் ஒலியுணரிகளைப் பொருத்துவார்கள். ஒரு கம்பி அறுந்தால் அதிர்வு பல உணரிகளைச் சற்று வெவ்வேறு நேரத்தில் எட்டும். அந்த வித்தியாசமே இடத்தைக் காட்டிவிடும். ஆனால் பொருத்துவதற்கு முன் அறுந்தவை கணக்கில் வராது. பாலத்துக்கு வயதான பின் உணரி வாங்குவதில் எனக்குள்ள எரிச்சல் இதுதான்.

உன் முதல் அளவீட்டு வரைபடத்தை அனுப்பு. அன்று மழையா வெயிலா, கான்கிரீட் எவ்வளவு ஈரமாக இருந்தது என்பதையும் ஓரத்தில் குறித்து அனுப்பு. இல்லாவிட்டால் என்னால் படிக்க முடியாது.

அன்புடன்,
மாமா